ஆற்றைத் தாண்டிய கோடு

கருத்தக்கண்ணனை ஓட்டத்துக்கு இழுத்துப்போனது இத்ரீஸ்தான். இருவரும் உத்தமபாளையத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். கண்ணன் பைபாஸ் ரோட்டில் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடை வைத்திருந்தான். இத்ரீஸுக்குக் கம்பத்தில் ஒரு ஏலக்காய் மண்டியில் மேலாளர் வேலை. கண்ணனுக்குச் சர்க்கரை வந்து சில வருடங்களாகியிருந்தன. மாத்திரை போட்டானே தவிர, கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. சட்டையின் கீழ்ப் பொத்தான்களை மாட்டுவதை விட்டே வெகுநாளாயிற்று. தேனி டாக்டர் கடைசியாகப் பார்த்தபோது, இனிமேல் மாத்திரையைக் கூட்டிப் பிரயோசனமில்லை, உடம்பை அசைத்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார்.  திரும்பி வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் இத்ரீஸுக்குப் போன் போட்டது கண்ணனின் மனைவி பவானிதான்.

இத்ரீஸ் இரண்டு வருடமாக ஒரு குழுவோடு ஓடிக்கொண்டிருந்தான். 'வேலி ரன்னர்ஸ்' என்று பெயர். பள்ளத்தாக்குக்கான இங்கிலீஷ் வார்த்தையைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். ஊரில் அதை வேலி தாண்டி ஓடுகிற கூட்டம் என்றே எடுத்துக்கொண்டார்கள். தலைவர் ஈஸ்வரபாண்டி டூ வீலர் ஷோரூம்காரர். கண்ணனைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனால் வயிறு ஒட்டி, கெண்டைக்கால் இறுகி, பின்னாலிருந்து பார்த்தால் காலேஜ் பையன்போல் இருப்பார். சென்னையிலும் கொச்சியிலும் மாரத்தான் ஓடி வாங்கிய மெடல்களை ஷோரூமில் வண்டிகளுக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். ராயப்பன்பட்டி வாத்தியார் ஜாஸ்பர், ஒரு பேங்க் அதிகாரி, சில கடைக்காரர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர். விடியலில் வாய்க்கால் கரைச் சாலையில் ஆனைமலையன்பட்டிப் பக்கம் ஓடிப்போய்த் திரும்புவார்கள். பிறகு டீக்கடையில் உட்கார்ந்து, யாரோ சொல்லிவைத்தமாதிரி, எல்லோரும் ஒரே நேரத்தில் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

முதல் நாள் கண்ணனால் ஒரு தென்னந்தோப்பின் நீளம்தான் ஓட முடிந்தது. மதகுக் கட்டையில் உட்கார்ந்து வாயால் மூச்சுவிட்டான். திரும்பி வந்தவர்கள் அவனைச் சுற்றி நின்று கைதட்டினார்கள். ஈஸ்வரபாண்டி அவன் தோளில் கைபோட்டு டீக்கடை வரைக்கும் கூடவே நடந்தார். அன்றைக்குக் கண்ணன் வீட்டில் வந்து, தங்கமான மனுசர்கள் என்று பவானியிடம் சொன்னான்.

ஒன்றிரண்டு மாதத்தில் கீழ்ப் பொத்தான் மாட்ட வந்தது. ஒரு நாள் அவன் அய்யனார் கோயில் வரைக்கும் நிற்காமல் ஓடிவிட்டு, சந்தோஷம் தாங்காமல் டீக்கடையில் சொன்னான். ஈஸ்வரபாண்டி அவன் வெறும் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"வாட்ச்சு இல்லாம ஓடுனது சாமி கணக்குலகூட வராது தம்பி," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணனும் சிரித்தான். அன்றைக்கே ஆன்லைனில் ஒரு வாட்ச் வாங்கினான்.

வந்த நாளிலிருந்து அது தொல்லைதான். ஓடுவதற்கு முன்னால் அது வானத்தில் சாட்டிலைட்டைத் தேட வேண்டும். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் பொத்தானை அழுத்திவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கண்ணன் மட்டும் புளியமரத்தை விட்டு விலகி, நடுரோட்டில், அருள் வருவதற்குக் காத்திருக்கும் சாமியாடிபோல ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். பால் வண்டிகள் ஹாரன் அடித்து ஒதுங்கிப்போகும். வட்டம் பச்சையாவதற்குள் குழு கண்ணுக்கு மறைந்திருக்கும். ஓடும்போது வியர்வை சொட்டினால் விரல் பட்டதாக நினைத்துக்கொண்டு தானே ஓட்டத்தை முடித்துவிடும். நெஞ்சு அடைக்கப் பாலத்து மேட்டில் ஏறும்போது, தூங்குகிறவனின் நாடியைக் காட்டும். மோட்டார் சைக்கிளில் கோம்பை வரைக்கும் போய்வந்தால், இன்றைக்கு நிறைய நடந்துவிட்டீர்கள் என்று பாராட்டும். கம்பெனிக்குப் போன் போட்டான். அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார்கள். அதையும் செய்து பார்த்தான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவன் உயிரைக் கொடுத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே அது ஒரு முறை அதிரும். 'நின்றுவிட்டீர்கள்' என்று சொல்லி அளப்பதை நிறுத்திக்கொள்ளும். அவனுடைய ஓட்டம் அதற்கு ஓட்டமாகவே படவில்லை.

கழற்றி எறிந்துவிட்டுச் சும்மா ஓடுங்கள் என்றாள் பவானி. அது அவனால் முடியவில்லை. எல்லோருடைய வாட்ச்சும் ஒரு ஆப்பில் சேர்ந்திருந்தது. ஓடி முடித்ததும் அது வேகத்தின்படி பெயர்களை அடுக்கிக் காட்டும். மேலே எப்போதும் ஈஸ்வரபாண்டி. கடைசிக்கு முந்தி இத்ரீஸ். பைக்கில் விழுந்து ஒட்டவைத்த இடது காலைக் கொஞ்சம் வெளியே வீசித்தான் இத்ரீஸ் ஓடுவான். அவனுக்கும் கீழே கருத்தக்கண்ணன். கடை நடுவில், குழாய்க்கு அளவு சொல்லிக்கொண்டிருக்கும்போதுகூட அவன் போனை எடுத்து அந்தக் கடைசி வரியைப் பார்ப்பான்.

சாலையில் ஒரு திருப்பம் உண்டு. தூங்குமூஞ்சி மரங்கள் இரண்டு பக்கமும் வந்து மேலே கூடாரம்போல் மூடியிருக்கும். பங்குனியில் ஒரு நாள் அந்தத் திருப்பத்தைத் தாண்டி ஓடித் திரும்பினான். வழக்கமான ஓட்டம்தான். ஆனால் அன்றைக்கு வாட்ச் ஒரு தடவைகூட நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் போனைத் திறந்தான். அவன் பெயர் முதலில் இருந்தது. ஈஸ்வரபாண்டிக்கும் மேலே.

முதலில் வேறு யாரோ கருத்தக்கண்ணன் என்றுதான் நினைத்தான். பிறகு வரைபடத்தைத் திறந்தான். சிவப்புக் கோடு வாய்க்கால் கரையில் ஒழுங்காகப் போய், தூங்குமூஞ்சி மரத் திருப்பத்தில் திடீரென்று கிளம்பி, திராட்சைப் பந்தல்களுக்கு மேலே காக்கா பறக்கிறமாதிரி நேராகப் போய், ஆற்றைத் தாண்டி, அக்கரையில் எங்கேயோ ஒரு தென்னந்தோப்பைத் தொட்டுவிட்டு, அதே வேகத்தில் திரும்பி வந்திருந்தது. மர நிழலில் வாட்ச் வழியைத் தவறவிட்டிருக்கிறது. இல்லாத தூரத்தை ஓடியதாகச் சேர்த்துவிட்டது. ஒரு சின்னப் பிள்ளைக்குக் காட்டினாலும் புரியும்.

வாட்ச் கோளாறு என்று குழுவின் வாட்ஸ்அப்பில் எழுத ஆரம்பித்தான். பாதி எழுதும்போதே வாழ்த்துகள் வந்து விழத் தொடங்கின. கைதட்டல், நெருப்பு, கோப்பை. ஜாஸ்பர், இது எப்படி சார் என்று கேட்டிருந்தார். ஈஸ்வரபாண்டியே எழுதினார். "சிங்கம்யா நீ. என் ரெக்கார்டையே ஒடச்சிட்டயே."

கண்ணன் எழுதியதை அழித்தான். எல்லாருக்கும் நன்றி என்று எழுதினான்.

கொஞ்ச நேரத்தில் இத்ரீஸ் போன் செய்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"மாப்ள, நெசமாவா ஓடுன?"

"நெசமாத்தான். ஏன், நான் ஓடக் கூடாதா?"

 இத்ரீஸ் நல்லது மாப்ள என்று சொல்லி வைத்துவிட்டான்.

அதற்கப்புறம் அந்தத் திருப்பத்தில் கோடு அடிக்கடி பறந்தது. ஒரு நாள் ஆற்றை மட்டும் தொட்டுத் திரும்பும், ஒரு நாள் அக்கரை ஊருக்கே போய்வரும். கோடு பறக்காத நாளில் கண்ணன் அந்த ஓட்டத்தையே அழித்துவிட்டு, வாட்ச்சுக்குச் சார்ஜ் இல்லை என்பான். குழுவில் அவனுக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சால்வை போர்த்தினார்கள். ஓட்டத்தின் நுணுக்கத்தை நாலு வார்த்தை சொல்லும்படி ஈஸ்வரபாண்டி கேட்டுக்கொண்டார். கண்ணன் கூச்சப்பட்டுப் பிறகு எழுந்து நின்றான்.

"மூச்ச மூக்கால இழுக்கணும். அப்பறம், நெனப்பு முன்னால ஓடணும். நெனப்பு ஓடுச்சுன்னா ஒடம்பு தன்னால பின்னால வந்துரும்."

எல்லோரும் போனில் படம் பிடித்தார்கள். பேங்க் அதிகாரி மறுபடி ஒரு தடவை சொல்லச் சொல்லிப் பிடித்துக்கொண்டார். இத்ரீஸ் பின்வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆரம்பத்தில் கண்ணனுக்குப் பொய் என்று தெரிந்திருந்தது. நாளாக ஆக அந்தத் தெரிந்த இடம் மங்கிப்போனது. சாட்டிலைட் போடுகிறவன் முட்டாளா, ஒரு நாள் தப்பலாம், இத்தனை நாளா தப்பும் என்று யோசித்தான். வரைபடத்தைத் திறப்பதை விட்டுவிட்டான். பெயர் வரிசையை மட்டும் பார்த்தான். கடைக்கு வருகிற விவசாயிகளிடம் போனை நீட்டிக் காட்டினான். இதற்கு நடுவில் ஒன்று உண்மையாகவே நடந்திருந்தது. அவன் இப்போது ஆனைமலையன்பட்டி வரைக்கும் நிற்காமல் ஓடித் திரும்பினான். சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருந்தார். யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவனும் கவனிக்கவில்லை. ஆப்பில் அதற்கு இடமில்லை.

ஆடி பிறந்து காற்று அடிக்கத் தொடங்கியபோது, சுதந்திர தினத்தன்று ஊரே பார்க்க ஒரு ஓட்டம் நடத்துவதாகக் குழு முடிவு செய்தது. பஸ் ஸ்டாண்டில் தொடங்கி ராயப்பன்பட்டி போய்த் திரும்ப வேண்டும். ஓட்டத்துக்கு ஒரு பேசர் வேண்டும் என்றார் ஈஸ்வரபாண்டி. முதுகில் கொடி கட்டிக்கொண்டு சீரான வேகத்தில் முன்னால் ஓடுகிறவர்தான் பேசர். இந்த நேரத்துக்குள் முடிக்க நினைக்கிறவர்கள் அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினால் போதும். கண்ணனைத் தவிர அதற்கு யாருக்கும் தகுதியில்லை என்று சொல்லி, எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

 இரண்டு நாள் கழித்துக் கண்ணன் ஷோரூமுக்குப் போய், முழங்கால் வலிக்கிறது, வேறு ஆளைப் போடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னான். ஈஸ்வரபாண்டி எழுந்து உள்ளே போய் ஒரு போஸ்டரை விரித்துக் காட்டினார். சால்வையோடு கண்ணன் நிற்கிற படம். அதற்குக் கீழே பெரிய எழுத்தில், 'நினைப்பு முன்னால் ஓடட்டும்'. இதைக் கம்பத்திலிருந்து சின்னமனூர் வரைக்கும் ஒட்டியாயிற்று என்றார். தன்னடக்கம் வேண்டியதுதான், இவ்வளவு வேண்டாம் என்று சொல்லித் தோளைத் தட்டினார். கண்ணன் வெளியே வந்து அந்தப் போஸ்டரைத் தன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

ஓட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் இத்ரீஸ் கடைக்கு வந்தான். ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான்.

"நாளைக்குக் காச்சல்னு சொல்லிட்டு வீட்லயே படுத்துக்க மாப்ள. வராத."

கண்ணன் காரணம் கேட்டான். இத்ரீஸ் குழாய்ச் சுருள்களைப் பார்த்துக்கொண்டே, வராதே, அவ்வளவுதான், கேட்காதே என்றான். கண்ணனுக்கு ஒரே நேரத்தில் பயமும் கோபமும் வந்தன. பயத்தை வெளியே காட்ட முடியாது. கோபத்தைக் காட்டலாம்.

"ஒனக்கு வயித்தெரிச்சல்ப்பா. அந்த நொண்டிக் கால வச்சுக்கிட்டு ரெண்டு வருசமா கடைசில வர்றவன் நீ. நேத்து வந்தவன் மேல போனா ஒனக்கு எரியத்தான் செய்யும்."

இத்ரீஸ் அவனை நிமிர்ந்து பார்த்தான்.  வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். காலேஜ் பிள்ளைகள், போலீஸ் தேர்வுக்குத் தயாராகிற பையன்கள், பெண்கள் சிலர். பவானி புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளுடைய அண்ணன் சுருளியாண்டி போஸ்டரைப் பார்த்துவிட்டுத் தேவதானப்பட்டியிலிருந்து குடும்பத்தோடு வேன் பிடித்து வந்திருந்தார். ஈஸ்வரபாண்டி தன் கையாலேயே கண்ணனின் இடுப்பில் பட்டையை இறுக்கிக் கொடியைக் கட்டினார். கொடி அவன் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. போஸ்டரில் இருந்த வாசகமே அதிலும் இருந்தது. வாட்ச் அன்றைக்குப் பார்த்து உடனே பச்சை காட்டியது.

விசில் அடித்ததும் ஓடினான். கொஞ்ச தூரத்துக்குப் பையன்கள் அவன் பின்னாலேயே வந்தார்கள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் ஒருவன் பக்கத்தில் வந்து, அண்ணே, இதான் ஸ்பீடா என்று கேட்டான். கண்ணனுக்கு மூச்சு வாங்கியது. பையன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனான். அதற்கப்புறம் எல்லோரும் தாண்டினார்கள். பெண்கள் தாண்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாண்டினார்கள். இத்ரீஸ் காலை வீசிக்கொண்டு அவனை முந்தினான். திரும்பிப் பார்க்கவில்லை.

தோப்புகள் முடிந்து வெட்டவெளி வந்ததும் மலையிலிருந்து வந்த ஆடிக்காற்று எதிரே அடித்தது. கொடி பாய்மரம்போல் புடைத்து அவனைப் பின்னுக்கு இழுத்தது. கையைப் பின்னால் விட்டு அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு வரவில்லை. ஒரு பைக் அவனோடு மெதுவாகவே வந்துகொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பேங்க் அதிகாரி போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். தண்ணீர் கேட்டான். இன்னும் கொஞ்சம்தான் சார், நினைப்பு முன்னால் ஓடட்டும் என்றார் அவர். கண்ணன் வாழைத்தோட்டத்து ஓரம் குனிந்து வாந்தியெடுத்தான். வாயைத் துடைத்துவிட்டு வாட்ச்சைப் பார்த்தான். அருமையாக ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றது அது.

அவன் நின்றிருக்கலாம். பின்னால் வந்த ஆம்புலன்ஸில் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. ராயப்பன்பட்டி போய், கோயில் முன்னால் திரும்பி, பாதி ஓடியும் பாதி நடந்தும் ஊருக்கு வந்தான். வாழ்க்கையில் அதுவரை அவன் அவ்வளவு தூரம் போனதில்லை.

பஸ் ஸ்டாண்டில் வெயில் ஏறியிருந்தது. ஓடியவர்களெல்லாம் மெடலை வாங்கிக்கொண்டு டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணனைத் தூரத்தில் பார்த்ததும் யாரோ சைகை காட்ட, மேளம் அடித்தது. குறுக்கே புதிதாக ஒரு ரிப்பன் கட்டினார்கள். ஜாஸ்பர் மைக்கைப் பிடித்து, பள்ளத்தாக்கின் வேகப்புயல் வந்துகொண்டிருக்கிறது, எல்லோரும் ஒதுங்கி வழிவிடுங்கள், காற்று பலமாக அடிக்கும் என்றார். கூட்டம் சிரித்தது. விஷயம் தெரியாத சின்னப் பிள்ளைகள் உண்மையாகவே கைதட்டினார்கள். கண்ணன் ரிப்பனில் நெஞ்சு பட்டு நின்றான். ஈஸ்வரபாண்டி ஆளுயர மாலை ஒன்றை அவன் கழுத்தில் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்று, படம் எடுப்பவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

பவானிக்கு அப்போது புரிந்துவிட்டது. அவனுக்கு இன்னும் புரியவில்லை. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவன் முதுகுப் பக்கம் குனிந்து, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கொடியைத் தரையில் போட்டாள்.

"போதும்ண்ணே," என்றாள் ஈஸ்வரபாண்டியிடம். "விட்ருங்க."

"அட, என்னத்தா. அவரு ஜெயிச்சிட்டாரு," என்றார் அவர்.

கண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே மணிக்கட்டை அவளிடம் நீட்டினான். எல்லோரையும்விட வேகமாக ஓடியது அவன்தான் என்று அதில் இருந்தது. "பாரு," என்றான். "வாட்ச்ல பாரு."

சுருளியாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு வேனைத் தேடிப் போனார். பவானி அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் இத்ரீஸ் வீட்டுக்கு வந்தான். பவானி அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இத்ரீஸ் தன் போனைத் திறந்து கண்ணனிடம் கொடுத்தான்.

கண்ணன் இல்லாத இன்னொரு குழு அது. மற்ற எல்லோரும் இருந்தார்கள். 'ராக்கெட்' என்று பெயர். கண்ணன் விரலால் மேலே தள்ளித் தள்ளிப் போனான். காலையில் வாந்தியெடுக்கிற படம். போஸ்டரின் மாதிரி. சால்வை. நினைப்பு முன்னால் ஓடணும் என்று அவன் சொன்னதைப் பாட்டோடு சேர்த்து வெட்டிய வீடியோ. சித்திரை, பங்குனி என்று போய், முதல் நாளுக்கு வந்தான். ஆற்றைத் தாண்டிய சிவப்புக் கோட்டின் படத்தை ஈஸ்வரபாண்டி போட்டிருந்தார். மேலே எழுதியிருந்தார்: 'ஆள் வாயைத் திறக்கிறானா பார்ப்போம். யாரும் உண்மையைச் சொல்லக் கூடாது.' அதற்குக் கீழே, சிறிது நேரம் கழித்து, இத்ரீஸ் எழுதியது இருந்தது. 'கேட்டுட்டேன். நெசமா ஓடுனேன்னு சத்தியம் பண்றான்.' சிரிப்புப் பொம்மைகள் நிறைய.

"நான் சத்தியம் பண்ணலயே," என்றான் கண்ணன்.

"இல்ல. அத நானாச் சேத்தேன்."

"ஏன்டா?"

இத்ரீஸ் தன் இடது முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னான். "நீ வர்றதுக்கு முந்தி அந்தக் குரூப்புக்கு வேற பேரு. என் காலப் பத்தின பேரு. என்னைய மட்டும் விட்டுட்டு எல்லாரும் அதுல இருந்தாக. நான் ஓடுறத வீடியோ எடுத்துப் போட்டாக. எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி ஓடிக்கிட்டு இருந்தேன். நீ வந்தப்பறம்தான் பேர மாத்தி என்னைய உள்ள சேத்தாக."

"அதான் என்னையக் கூட்டிட்டுப் போனயா?"

"இல்ல மாப்ள. பவானி கேட்டுச்சு, கூட்டிட்டுப் போனேன். ஆனா ஒன்னையப் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அது நெசம்."

கண்ணன் போனைத் திருப்பிக் கொடுத்தான். இத்ரீஸ் எழுந்து வாசல் வரைக்கும் போய், நேற்று அதற்காகத்தான் வந்தேன் என்றான்.  செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு வண்டிச் சத்தம்.

அவன் நாலைந்து நாள் கடையைத் திறக்கவில்லை. பிறகு திறந்த அன்றைக்கே ஈஸ்வரபாண்டி வந்துவிட்டார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எல்லாம் ஒரு தமாஷ்தானே, ஆம்பளைங்களுக்குள்ளே இதெல்லாம் இல்லாமலா என்றார். கண்ணன் கடைசிவரைக்கும் ஓடி முடித்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை, பாதியில் விழுவான் என்றுதான் பேசிக்கொண்டோம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது. கண்ணனுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருப்பது தெரிந்து உடம்பு கூசியது. ராக்கெட்டுக்கும் சேர்த்து இரண்டு டீ என்று சொல்லியனுப்பினான்.

டீயைக் குடித்துவிட்டு ஈஸ்வரபாண்டி சாதாரணமாகக் கேட்டார்.

"ஆமா, அந்தக் குரூப்பு இருக்கிறத ஒனக்கு யாரு காட்டுனது?"

கண்ணன் டம்ளரை மேசையில் வைத்தான். அவனுக்கு ஈஸ்வரபாண்டி மேல் அவ்வளவு கோபமில்லை. ஜாஸ்பர் மேலும் இல்லை. அவர்கள் யாரோ. கண்ணை மூடினால் வந்து நின்றது ஒரு வரிதான். சத்தியம் பண்றான்.

"இத்ரீஸ்," என்றான்.

அன்று மதியமே இத்ரீஸ் இரண்டு குழுக்களிலிருந்தும் நீக்கப்பட்டான். கண்ணன் இரண்டாவதில் சேர்க்கப்பட்டான். அதன் பெயர் மறுபடியும் மாறியிருந்தது. அந்தப் பழைய பெயர்தான், காலைப் பற்றியது. ஜாஸ்பர் அவனை வரவேற்று ஒரு பூங்கொத்துப் பொம்மை போட்டார். கண்ணன் கும்பிடு போட்டான்.

மறுபடியும் அவர்களோடா ஓடப்போகிறீர்கள் என்று பவானி கேட்டாள். தனியாக ஓடக் கூடாதா, ரோடு என்ன அவர்கள் வாங்கியதா என்றாள். தனியாக ஓடினால் பழக்கம் விட்டுப்போகும் என்று சொன்னான்.  இத்ரீஸின் மனைவி ரெஹானாவைக் கடைவீதியில் பார்த்தபோது என்ன பேசுவதென்று தெரியாமல் எதிர்ப்பக்கம் போய்விட்டதாக அவள் ஒரு நாள் சொன்னாள்.

ஆவணியில் காற்று நின்றது. ஓட்டம் முடிந்து எல்லோரும் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வண்டிப்பாதையில் இத்ரீஸ் தனியாக ஓடி வந்தான். அவன் கையில் வாட்ச் இல்லை. குழுவைப் பார்த்தும் அவன் வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இடது கால் வெளியே வீசி வீசி விழுந்தது.

ஈஸ்வரபாண்டி போனை எடுத்து நீட்டிப் பிடித்தார். கண்ணன் மட்டும் அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"கண்ணா, மறைக்குதுப்பா," என்றார்.

கண்ணன் ஒதுங்கி நின்றான்.